ஸ்விங் காலத்து மூன்று நிமிடப் படங்கள்: திரையில் தெரிவது என்ன, தெரியாதது என்ன?

இணையத்தில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் காணொளிகளில் ஒரு வகை உண்டு. 1940-களின் ஜாஸ் குழு ஒன்று பளிச்சென்ற வண்ணத்தில் வாசித்துக்கொண்டிருக்கும். "அரிய நேரடி நிகழ்ச்சி" என்று தலைப்பு இருக்கும். "உலகின் முதல் மியூசிக் வீடியோ" என்ற பட்டமும் சில சமயம் கூடவே வரும். சிலவற்றில் டிரம்பெட் வாசிப்பவர் இடது கையால் வாசிப்பதுபோல் தோன்றும். நேரடி என்பது தவறு. வண்ணம் என்பது தவறு. முதல் என்பதும் தவறு. இடது கை மட்டும் உண்மையிலேயே யோசிக்கத் தக்க விஷயம், அதற்கு நல்ல விடையும் இருக்கிறது.

இந்தப் படங்களில் பெரும்பாலானவை தியேட்டருக்காக எடுக்கப்பட்டவை அல்ல. தொலைக்காட்சிக்காகவும் அல்ல. காசு போட்டால் ஓடுகிற, பனோரம் என்ற மரப்பெட்டிக்காக எடுக்கப்பட்டவை; சவுண்டிஸ் என்று பெயர். படம் ஏன் மூன்று நிமிடம், அரங்க அமைப்பு ஏன் அவ்வளவு ஏழ்மை, வாசிப்பவரின் விரலைக் காட்டாமல் கேமரா ஏன் வேறெங்கோ போகிறது, சில பிரதிகளில் இடமும் வலமும் ஏன் மாறிக்கிடக்கின்றன என்ற கேள்விகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போய் முடிகின்றன.

அடிப்படை: ஸ்விங், பிக் பேண்ட்

ஸ்விங் என்பது நடனத்துக்கான ஜாஸ். 12 முதல் 16 பேர் வரை கொண்ட குழு வாசிக்கும். அந்தக் குழுவுக்குப் பிக் பேண்ட் என்று பெயர். டிரம்பெட் வரிசை, டிராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை, பிறகு பியானோ, கித்தார், பாஸ், டிரம்ஸ் என்பது வழக்கமான அமைப்பு. வரிசைகள் எழுதிவைத்த இசையை ஒன்றாக வாசிக்கும். இடையிடையே ஒருவர் எழுந்து நின்று தன் கற்பனையில் தனியாக வாசிப்பார். அதை இங்கே தனிவாசிப்பு என்று சொல்லிக்கொள்வோம். கிளாரினெட் கலைஞரும் குழுத் தலைவருமான பென்னி குட்மன் 1935 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் பாலமார் நடன அரங்கில் பெற்ற வெற்றியை இந்தக் காலத்தின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஆனால் நியூயார்க் ஹார்லெமின் கறுப்பினக் குழுக்கள் இதே இசையை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே வாசித்துக்கொண்டிருந்தன. 1946 வாக்கில் அலை ஓய்ந்தது.

அந்தக் காலத்தில் பாட்டு விற்றது 78 சுற்று ரெக்கார்டுகளில். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம் அடங்கும். இந்த அளவு பின்னால் மறுபடியும் வரும்.

இரண்டு வகைக் குறும்படங்கள்

ஸ்விங் காலத்து இசைக் குறும்படங்கள் என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு சரக்குகள் ஒரே பைக்குள் விழுந்துவிடுகின்றன.

1. தியேட்டர் குறும்படம். முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓட்டுவதற்காக ஸ்டூடியோக்கள் எடுத்தவை. வார்னர் நிறுவனம் 1926 முதல் வைட்டாஃபோன் முறையில் இவற்றை எடுத்தது. ஒலி படச்சுருளில் இருக்காது. 16 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் தனியாகப் பதிவாகியிருக்கும். தட்டில் ஒரு பக்கம் சுமார் 11 நிமிடம் ஓடும். ஆயிரம் அடி கொண்ட 35 மி.மீ. சுருளும் அதே அளவுதான் ஓடும். ஒலி பிறகு படச்சுருளுக்கே மாறிய பின்னும் ஒரு சுருள், பத்து நிமிடம் என்ற அளவு அப்படியே தங்கிவிட்டது.

2. பெட்டிப் படம். 1940-களில் பனோரம் என்ற நாணய இயந்திரத்துக்காக எடுத்தவை. இவற்றுக்கு சவுண்டிஸ் என்று பெயர். ஒரு படத்தில் ஒரு பாட்டு, ஏறக்குறைய மூன்று நிமிடம்.

"உலகின் முதல்" என்ற பட்டத்தைப் பற்றிய வாதத்தை இங்கேயே முடித்துவிடலாம். புளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் நடித்த 1929-ஆம் ஆண்டுக் குறும்படம் சவுண்டிஸுக்குப் பத்தாண்டு மூத்தது. அவர் நடமாடுவதை இன்று நாம் பார்க்க முடிகிற ஒரே படம் அதுதான். பியானோ கலைஞரும் குழுத் தலைவருமான டியூக் எலிங்டன் பாரமவுன்ட் நிறுவனத்துக்காக 1935-இல் நடித்த குறும்படத்தில் பாடகி பில்லி ஹாலிடே வருகிறார். அப்போது அவர் பெயர் வெளியே அதிகம் தெரியாது. ஆகவே பாட்டைப் படமாக்குவது 1940-இல் பிறந்த யோசனை அல்ல. புதிதாக வந்தது பாட்டு ஒன்றுக்குக் காசு வாங்கும் ஏற்பாடு.

பெட்டிக்குள் என்ன இருந்தது?

பனோரத்தைச் செய்தது சிகாகோவின் மில்ஸ் நாவல்ட்டி நிறுவனம். சூதாட்ட நாணய இயந்திரங்களில் பெயர் வாங்கிய நிறுவனம் அது. தானாக வயலின் வாசிக்கும் இயந்திரம்கூடச் செய்து விற்றிருக்கிறது. காசு விழும் துளையை வைத்துப் பிழைப்பதே அதன் தொழில் என்று சொன்னால் மிகையில்லை. அமெரிக்க அதிபரின் மூத்த மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட் இதில் கூட்டுச் சேர்ந்தார். பாடலாசிரியர் சாம் காஸ்லோவும் சேர்ந்தார். ரூஸ்வெல்ட், காஸ்லோ, மில்ஸ் ஆகிய மூன்று பெயர்களின் முதலெழுத்துகளே ஆர்.சி.எம். என்ற தயாரிப்பு நிறுவனத்தின் பெயராயின. அது மேற்குக் கரையில் படம் எடுத்தது. நியூயார்க்கில் மினோகோ என்ற இன்னொரு பிரிவு, பிராங்ஸ் பகுதியில் இருந்த பழைய எடிசன் ஸ்டூடியோவில் எடுத்தது. இயந்திரத்தை 1940-இல் அறிமுகப்படுத்தினார்கள். படங்கள் 1941 தொடக்கத்திலிருந்து வாரந்தோறும் வரத் தொடங்கின.

பெட்டி ஆள் உயரத்துக்கும் மேல். மேல்பகுதியில் சுமார் இரண்டடி அகலத்தில் மங்கலான கண்ணாடித் திரை. அடிப்பகுதியில் 16 மி.மீ. புரொஜெக்டர். அதிலிருந்து புறப்படும் ஒளி உள்ளேயுள்ள கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, திரையின் பின்புறத்தில் விழும். படச்சுருளின் இரு முனைகளும் ஒட்டப்பட்டிருக்கும். ஆகவே திருப்பிச் சுற்ற வேண்டியதில்லை. எட்டுப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதில் இருக்கும். பத்து சென்ட் போட்டால் ஒரு படம் ஓடி நின்றுவிடும்.

இந்த அமைப்பிலிருந்து நேராகப் பிறந்த விளைவுகள்:

1. தேர்வு கிடையாது. சுருளில் அடுத்து எது நிற்கிறதோ அதுதான் ஓடும். எட்டாவது படத்தைப் பார்க்க வேண்டுமானால் முதல் ஏழுக்கும் யாராவது காசு போட்டிருக்க வேண்டும். ஐந்து சென்ட்டில் பிடித்த பாட்டைக் கேட்க வைக்கும் சாதாரண ஜூக்பாக்ஸ் பக்கத்திலேயே நிற்கும்போது, இரண்டு மடங்கு கொடுத்து வருவதைப் பார் என்று சொன்ன வியாபாரம் இது.

2. சுருள் கலவையாக இருந்தது. யார் காசு போடுவார் என்று தெரியாததால் ஸ்விங், கவ்பாய் பாட்டு, ஹவாய் இசை, போல்கா, நகைச்சுவை, நடனம் என்று எல்லாமே ஒரே சுருளில் கலந்து வந்தன. மொத்தம் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் நல்ல ஜாஸ் ஒரு சிறு பங்குதான். இன்று சவுண்டிஸ் என்றதும் ஜாஸ் நினைவுக்கு வருவதற்குக் காரணம், மற்றவற்றைத் தேடுவோர் குறைந்துபோனதே.

3. படத்துக்குப் பணம் இல்லை. ஒரு குழுவைக் கூப்பிட்டால் மூன்று, நான்கு, ஐந்து பாட்டுகளைச் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலர் 1941-இல் நான்கு, எலிங்டன் அதே ஆண்டின் இறுதியில் ஐந்து, டிரம்பெட் கலைஞரும் பாடகருமான லூயி ஆம்ஸ்ட்ராங் 1942-இல் நான்கு. ஒரு சுவர், ஒரு மேசை, அட்டையில் வரைந்த ஜன்னல் ஆகியவை போதும் என்று நினைத்தார்கள்.

4. பார்வையாளர் மது அருந்த வந்தவர். பெட்டிகள் பெரும்பாலும் மதுக்கடை, உணவகம், பஸ் மற்றும் ரயில் நிலையம் போன்ற இடங்களில் நின்றன. அதனால் இசையோடு சம்பந்தமில்லாத அழகிகள் பல படங்களில் வந்துபோகிறார்கள். வாலரின் படங்களில் அவர் இடது கை பாஸ் பகுதியில் தாவித் தாவிப் போகும் இடத்தைப் பார்க்க நாம் ஏங்கிக்கொண்டிருக்கும்போது கேமரா பெண்களின் முகத்துக்குப் போய்விடுகிறது. ஜாஸ் பியானோவின் மாபெரும் இடது கைகளில் ஒன்று அது. வாலர் 1943 டிசம்பரில் இறந்துவிட்டார், திரும்ப எடுக்க வழியில்லை.

ஒலி முதலில், படம் பிறகு

நேரடி நிகழ்ச்சி அல்ல என்பதற்கு வருவோம். தமிழ்ப் படப்பாடல் எடுக்கும் அதே முறைதான் இங்கும். பாட்டை முதலில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்வார்கள். பிறகு அரங்கில் அதை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதற்கேற்ப வாயையும் விரலையும் அசைக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். கேமராவின் இரைச்சலையும் ஆடுபவர்களின் காலடிச் சத்தத்தையும் தவிர்க்க அதுதான் மலிவான வழி. படத்தில் எங்குமே மைக் தெரியாமல் இருப்பதற்கும், 15 பேர் நெருங்கி நின்று வாசிக்கும் சிறு அறையில் எதிரொலியே இல்லாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

இதனால் நாம் பார்ப்பது போலி என்று தள்ளிவிடலாமா? முடியாது. ஆனால் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

எழுதிவைத்த பகுதிகளில் விரலும் ஒலியும் நன்றாகவே பொருந்தும். தினமும் மேடையில் அதையே வாசிப்பவர்கள் அவர்கள். தனிவாசிப்பில்தான் சிக்கல். அந்த நொடியில் தோன்றியதை ஒலிப்பதிவில் வாசித்துவிட்டு, பிறிதொரு நாள் கேமரா முன் அதே சுரங்களை நினைவிலிருந்து விரலால் காட்ட வேண்டும். பலரும் ஏறக்குறையத்தான் காட்டுகிறார்கள். டிரம்ஸ்காரர்கள் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். சிம்பலை ஓங்கி அடிப்பதுபோல் கை போகும், ஒலியில் சிம்பல் இருக்காது. ஆகவே ஒலியைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். கருவியை ஏந்தும் விதம், உதடு வைக்கும் இடம், உடம்பின் நிலை, குழுவுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் பார்வை ஆகியவற்றையும் நம்பலாம். இந்த விரல் இந்தச் சுரத்துக்கு என்று மட்டும் கற்றுக்கொள்ளப் போகக்கூடாது.

இன்னொரு விஷயம். கேமரா முன் வாசிப்பவரும் ஒலியில் வாசிப்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இந்த முறையில் இல்லை. முகத்தை வைத்து ஒலிக்குப் பெயர் சூட்டுவதில் எப்போதும் ஒரு ஆபத்து உண்டு.

ஒரு படத்தைக் கிட்டத்தில் பார்த்தால்

எலிங்டனின் ஐந்து படங்களில் ஒன்றின் பெயர் "ஜாம் செஷன்". வாசிக்கப்படும் இசை "சி ஜாம் புளூஸ்". 1941-இன் இறுதியில், அவருடைய குழு லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த சமயத்தில் எடுத்தது.

சிறிய உணவகம் ஒன்றின் அரங்க அமைப்பு. எலிங்டன் பியானோவில் தொடங்குகிறார். பிறகு ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள். ரே நான்ஸ் வயலினில், ரெக்ஸ் ஸ்டீவர்ட் கார்னெட்டில், பென் வெப்ஸ்டர் டெனர் சாக்ஸபோனில், டிரிக்கி சாம் நான்டன் டிராம்போனில், பார்னி பிகார்ட் கிளாரினெட்டில். டிரம்ஸில் சோனி கிரீயர். வேலை முடித்த கலைஞர்கள் கூடித் தற்செயலாக வாசிப்பதுபோல் காட்சி அமைத்திருக்கிறார்கள்.

தற்செயல் எதுவும் இல்லை என்பதை இசையின் கட்டமைப்பே காட்டிக்கொடுக்கிறது. புளூஸ் என்பது 12 தாள அளவுகள் கொண்ட ஒரு சுற்று. அளவுக்கு நான்கு அடி. இந்த அமைப்பில் ஒவ்வொருவரும் முதலில் நான்கு அளவுகளைத் துணையின்றித் தனியே வாசித்து, பிறகு குழுவின் துணையோடு 12 அளவுகள் வாசிக்கிறார். மொத்தம் 16 அளவு, 64 அடி. இந்த வேகத்தில் ஏறக்குறைய 20 விநாடி. அதற்குள் ஒரு மனிதர் தன் குரல் இன்னதென்று நிறுவிவிட்டு ஒதுங்க வேண்டும். ஐந்து பேர், தொடக்கம், முடிவு எல்லாம் சேர்த்தால் மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடும். நள்ளிரவு ஜாம் செஷனில் ஒருவரே பத்துச் சுற்று வாசிப்பார். பெட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. ரெக்கார்டுத் தட்டின் அளவும் நாணயத்தின் அளவும் ஒன்றாக இருந்தது எலிங்டனுக்குச் சாதகம். அந்த மூன்று நிமிடத்துக்கு எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

நான்டன் வரும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். டிராம்போனின் வாயை அவர் ஒரு ரப்பர்க் கிண்ணத்தால் மூடி மூடித் திறக்கிறார். கழிவுக்குழாய் அடைப்பு நீக்கப் பயன்படும் அதே ரப்பர்க் கிண்ணம்தான், கைப்பிடியைக் கழற்றியது. மனிதர் பேசுவதுபோல் ஒலிக்கும் அந்த "வா வா" ஓசை ரெக்கார்டுகளில் நூறு முறை கேட்டதுதான். ஆனால் கிண்ணம் எவ்வளவு தூரம் விலகுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, மணிக்கட்டு எவ்வளவு குறைவாக அசைகிறது என்பதை ரெக்கார்டு சொல்லாது. நான்டன் 1946-இல் இறந்தார். அவருக்குப் பின் வந்த டிராம்போன்காரர்கள் அந்த ஓசையைப் பிடிக்கப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

காலவரிசையிலும் இப்படம் முக்கியம். முழுக் குழுவும் இதே இசையை விக்டர் நிறுவனத்துக்கு ரெக்கார்டு செய்தது 1942 ஜனவரியில். அதாவது, பிரபலமான ரெக்கார்டுக்கு முன்பே மதுக்கடைப் பெட்டிக்காகப் பதிவு செய்துவிட்டார்கள். ரெக்கார்டை அடித்தளமாகவும் படத்தை அதன் நகலாகவும் எண்ணுவது நம் பழக்கம். இங்கே கதை தலைகீழ்.

இடது கை டிரம்பெட்டின் ரகசியம்

திரைக்குப் பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால், முன்னால் நிற்பவருக்குப் படம் இடம்வலம் மாறித் தெரியும். நடுவே கண்ணாடிகள் வேறு. இந்தப் பாதையின் மொத்த விளைவைச் சரிக்கட்ட, பனோரத்துக்கான பிரதிகளையே முன்கூட்டி இடம்வலம் மாற்றி அச்சிட்டார்கள். பெட்டிக்குள் ஓடினால் எல்லாம் சரியாகிவிடும். அதே பிரதியைப் பிற்காலத்தில் யாராவது சாதாரண புரொஜெக்டரிலோ ஸ்கேனரிலோ போட்டால் உலகமே கண்ணாடிக்குள் போய்விடும்.

அப்படி மாறிய படத்தைக் கண்டுபிடிக்கும் வழிகள்:

1. டிரம்பெட்டின் மூன்று வால்வுகளை அழுத்துவது வலது கை. திரையில் இடது கை அழுத்தினால் பிரதி மாறியிருக்கிறது.

2. டிராம்போனின் குழாயை நீட்டி இழுப்பதும் வலது கைதான்.

3. பியானோவில் கனத்த ஒலிகள் வாசிப்பவரின் இடப்பக்கம். உச்ச ஒலிகள் கேட்கும்போது கை இடப்பக்கம் போனால் சந்தேகிக்கலாம்.

4. ஆண்களின் கோட்டில் பொத்தானுக்கு மேலாக வந்து மூடுவது அணிந்திருப்பவரின் இடப்பக்கத் துணி. மார்புக் கைக்குட்டைப் பையும் இடப்பக்கமே.

5. டிரம்மின் முகப்பிலும் இசைத்தாள் தாங்கியிலும் எழுதியிருக்கும் எழுத்துகள். இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பலர் இந்தப் படங்களைச் சரியாகவே திருப்பி வெளியிட்டிருக்கிறார்கள், சிலர் கவனிக்கவில்லை. வண்ணத்தின் கதை இதைவிடச் சுருக்கம்: சவுண்டிஸ் எல்லாமே கறுப்பு வெள்ளை. வண்ணம் தெரிந்தால் அது கணினியின் ஊகம். நொடிக்கு 24 சட்டகங்களில் எடுத்ததை 60 ஆக்கி வழுக்கலான அசைவு தருவதும் அப்படியே. இல்லாத சட்டகங்களை மென்பொருள் கற்பனை செய்து செருகுகிறது. டிரம்ஸ் குச்சியின் அசைவை ஆராய நினைப்பவர் அத்தகைய பிரதியைத் தொடாமலிருப்பது நல்லது.

நிறக்கோடு எங்கே ஓடியது

இந்தப் படங்களின் மிகக் கனமான பகுதி இதுதான். அந்த அமெரிக்காவில் நிறப்பிரிவினை தென்மாநிலங்களில் சட்டம், மற்ற இடங்களில் பெரும்பாலும் வழக்கம். ஹாலிவுட் படங்களில் கறுப்பினப் பாடகர்களின் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பார்கள். எம்.ஜி.எம். படங்களில் லீனா ஹார்ன் தூணோரம் தனியே நின்று பாடிவிட்டுப் போய்விடுவார். தென்மாநிலத் தியேட்டர்கள் அந்தக் காட்சியை வெட்டினாலும் கதை கெடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

சவுண்டிஸில் கதையே இல்லை. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் பங்கேற்றவை 300-க்கும் மேல். அவர்கள் ஓரத்தில் வருபவர்கள் அல்ல, படம் முழுதும் அவர்களே. பெரிய ஸ்டூடியோக்கள் தராத இடத்தை ஒரு சூதாட்ட இயந்திர நிறுவனம் தந்தது நல்லெண்ணத்தால் அல்ல. வாரம் எட்டுப் படம் வேண்டும், நல்ல இசை வேண்டும், சம்பளம் குறைவாக இருக்க வேண்டும். டோரதி டான்ட்ரிட்ஜ் பின்னாளில் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண். அவர் 1940-களின் தொடக்கத்தில் முன்னணிப் பாத்திரமாகத் தெரிந்தது இந்தப் பெட்டிகளில்தான்.

இடம் கிடைத்தது, ஆனால் எப்படிப்பட்ட இடம்? ஆம்ஸ்ட்ராங்கை வைத்தே அளந்து பார்க்கலாம். 1932-இல் பாரமவுன்ட் அவரை வைத்து ஒரு தியேட்டர் குறும்படம் எடுத்தது. சோப்பு நுரைக்கு நடுவே, உடம்பில் சிறுத்தைத் தோல் சுற்றி, ஆப்பிரிக்க ராஜா வேடத்தில் நிறுத்தினார்கள். அதில் அவர் வாசித்த பாட்டுகள் இரண்டு: "ஷைன்", "யூ ராஸ்கல் யூ". பத்தாண்டு கழித்து 1942-இல் சவுண்டிஸுக்காக எடுத்த நான்கில் அதே இரண்டும் இருக்கின்றன. இப்போது சிறுத்தைத் தோல் இல்லை. கோட்டு அணிந்து தன் குழுவின் முன் நிற்கிறார். முன்னேற்றம்தான். ஆனால் "ஷைன்" என்ற பாட்டே கறுப்பரை இளக்காரமாக அழைக்கும் பழைய சொல்லைச் சுற்றிக் கட்டியது. அதே நான்கில் இன்னொன்று, சோம்பிக் கிடக்கும் தென்னகக் கறுப்பர் என்ற பழைய படிமத்தைச் சுமக்கிறது. இரண்டு வேடங்களிலும் டிரம்பெட்டை உதட்டில் வைத்த மறுநொடி வேடம் காணாமல் போகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மை. வேடம் போட வைத்தார்கள் என்பதும் உண்மை.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரே சட்டகத்தில் சமமாக வருவது அரிது. அரிதான அந்த ஒன்று 1942-இல் வந்தது. டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூபாவின் வெள்ளையர் குழுவில் டிரம்பெட் வாசித்த கறுப்பினக் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜும் வெள்ளையினப் பாடகி அனிதா ஓ'டேயும் "லெட் மீ ஆஃப் அப்டவுன்" பாட்டில் கேலியும் கிண்டலுமாகப் பேசிக்கொள்கிறார்கள். எசமானர், வேலைக்காரர் என்ற பாவனை இல்லை. இருவரும் சக கலைஞர்கள். இன்று பார்ப்பவருக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும். அன்று தென்மாநிலங்களில் அவர்கள் இருவரும் ஒரே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது.

இதற்கு நேர் எதிரான காட்சி, தரத்தில் மிக உயர்ந்த படத்திலேயே நடந்தது. வார்னர் நிறுவனம் 1944-இல் வெளியிட்ட "ஜாமின் தி புளூஸ்" பத்து நிமிடத் தியேட்டர் குறும்படம், பெட்டிப் படம் அல்ல. புகைப்படக் கலைஞர் யோன் மிலி இயக்கினார். இசைப் பொறுப்பு நார்மன் கிரான்ஸ். சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் அகன்ற விளிம்புத் தொப்பியோடு, சுருளும் புகை நடுவே வாசிப்பதை வேறெங்கும் இப்படிப் பார்க்க முடியாது. அந்தக் குழுவில் கித்தார் வாசித்த பார்னி கெசல் ஒருவர் மட்டும் வெள்ளையர். கலப்புக் குழுவைக் காட்ட ஸ்டூடியோ தயங்கியது. அவரை நீக்க கிரான்ஸ் மறுத்தார். கடைசியில் கெசலை நிழலில் உட்காரவைத்து, கை கறுப்பாகத் தெரியும்படி பழச்சாறு பூசி எடுத்தார்கள். இந்தப் படமும் ஒலியை முதலில் பதிந்து பிறகு எடுத்ததுதான். ஆஸ்கர் பரிந்துரை பெற்றது, 1995-இல் அமெரிக்கத் தேசியப் படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

பெண்கள் குழுக்களின் கதைக்கும் பெட்டிதான் சாட்சி. மிசிசிப்பியின் பைனி வுட்ஸ் பள்ளியில் 1937-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் குழுவில் பல இனப் பெண்கள் இருந்தார்கள். முழு பிக் பேண்ட், எல்லாரும் பெண்கள். ரெக்கார்டு நிறுவனங்கள் அவர்களை அதிகம் சீண்டவில்லை. 1946-இன் படங்கள் இல்லாவிட்டால், பித்தளை வரிசை முழுக்கப் பெண்கள் எழுந்து நின்று முழங்கியதை ஏட்டில்தான் படித்திருப்போம்.

ஏன் நின்றுபோனது?

1. போர். 1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது. உலோகமும் தொழிற்சாலைகளும் ராணுவத்துக்குத் திருப்பப்பட்டன. புதிய பனோரம் செய்வது நின்றது. படங்கள் வந்துகொண்டிருந்தாலும் அவை ஓட வேண்டிய பெட்டிகள் பெருகவில்லை. எட்டுப் படத்தின் செலவைப் பங்குபோட்டுக்கொள்ளப் போதுமான இயந்திரங்கள் இல்லாமல் இந்த வியாபாரம் நிமிரவே முடியாது. என் கணிப்பில் அடி விழுந்தது இங்கேதான், மற்றவை பின்னால் வந்த உதைகள்.

2. ஸ்விங்கின் வீழ்ச்சி. இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் ரெக்கார்டு நிறுவனங்களுக்கு எதிராக ஒலிப்பதிவுத் தடை அறிவித்தது. நடனமாடும் இடங்களுக்கு 1944-இல் 30 சதவீதக் கேளிக்கை வரி வந்தது. சில மாதங்களில் 20-ஆகக் குறைந்தும், 15 பேருக்குச் சம்பளம் கொடுக்க அரங்க முதலாளிகள் தயங்கினார்கள். 1946 டிசம்பரில் குட்மன், ஹாரி ஜேம்ஸ், உட்டி ஹெர்மன் என்று பல தலைவர்கள் சில வாரங்களுக்குள் குழுக்களைக் கலைத்தார்கள்.

3. தொலைக்காட்சி. மதுக்கடை முதலாளிக்கு, காசு போடாமலே படம் காட்டும் பெட்டி கிடைத்துவிட்டது.

1947-க்குள் புதிய படங்கள் நின்றன. தொலைக்காட்சி ஒருவகையில் சவுண்டிஸைக் கொன்று, இன்னொரு வகையில் காப்பாற்றியது. நிகழ்ச்சிகளுக்கு நடுவே இடம் நிரப்ப மூன்று நிமிடத் துண்டுகள் தேவைப்பட்டதால் பழைய படங்கள் அங்கே விலைபோயின. வீட்டுப் புரொஜெக்டர்களுக்கான பிரதிகளாகவும் விற்றன. இன்று நம்மிடம் மிஞ்சியிருப்பதில் கணிசமானவை அந்தப் பிரதிகளே. தயாரிப்பாளர் லூயி ஸ்னேடர் 1950 முதல் தொலைக்காட்சிக்கென்றே இதே நீளத்தில் புதிதாகவும் எடுத்தார், எலிங்டனும் நாட் கிங் கோலும் அவற்றில் இருக்கிறார்கள். 1960-இல் பிரான்சில் வந்த ஸ்கோபிடோன் என்ற பெட்டியில் வண்ணம் இருந்தது, 36 படங்களில் விரும்பியதைத் தேர்ந்தெடுக்கும் வசதியும் இருந்தது. பனோரத்தின் பெரிய குறை தீர இருபது ஆண்டு ஆனது, அதற்குள் ஸ்விங் இல்லை.

இப்படங்களை எடுத்துப் பயன்படுத்தலாமா?

காணொளி தயாரிப்பவர்கள் அடிக்கடி இடறும் இடம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்து வெளியீடுகளுக்குப் பதிப்புரிமை முதலில் 28 ஆண்டு. அந்தக் கெடுவின் இறுதியில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காதவை பொதுச் சொத்தாகிவிட்டன. 1941-இன் படத்துக்கு அந்தத் தேதி 1960-களின் இறுதியில் வந்தது. மதுக்கடைப் பெட்டிக்காக எடுத்த பழைய துண்டுக்கு அப்போது மனுப் போட்டுப் புதுப்பிக்க யாருக்குத் தோன்றும்? ஆனால் படம் வேறு, அதில் ஒலிக்கும் பாட்டு வேறு. பாட்டின் சொல்லுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை உண்டு. இசைப் பதிப்பகங்கள் அவற்றை ஒழுங்காகப் புதுப்பித்து வந்திருக்கின்றன, முறையாகப் புதுப்பித்தவற்றுக்கு வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு. 1940-இல் வெளியான பாட்டானால் 2035 முடியும்வரை. ஆகவே படத்துக்கு யாரும் உரிமை கோராத நிலையிலும், அதன் ஒலிக்காகக் காணொளி முடக்கப்படலாம்.